ஐந்து கலர் அம்மன்

1961ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, திங்கட்கிழமை, சிவகாசி ரயில் நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் பம்பாயிலிருந்து வந்த ஐந்து மரப்பெட்டிகள் இறக்கப்பட்டன. அவற்றில் ஓர் ஆப்செட் அச்சு இயந்திரம் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மூன்று மாட்டுவண்டிகள் அச்சகத்துக்குப் போயின. பின்னால் நடந்து போனவர்களில் ஒருவர் கோட்டைச்சாமி. ஆனைக்குட்டத்தில் நிலம் உழும் சம்சாரி வீட்டில் பிறந்தவர், வயது நாற்பத்து நான்கு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த அச்சகத்தில் கல்லின் மேல் படம் வரைந்தவர். முதலில் பட்டாசுக் கட்டுகளுக்கு மயிலும் கப்பலும் வரைந்தார். பிறகு காலண்டர்களுக்குச் சாமி படங்கள். சென்னை ஓவியர்கள் தீட்டி அனுப்பும் வண்ணப்படத்தைப் பார்த்து, ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பிரித்து, புள்ளி புள்ளியாகக் கல்லில் ஏற்றுவது அவர் வேலை. எட்டு நிறமென்றால் எட்டுக் கல். ஒன்றின் மேல் ஒன்றாக எட்டு முறை அச்சேறினால் லட்சுமியின் கன்னம் ரோஜா நிறத்தில் வரும்.

கல்லில் வரைவதில் ஒரு விதி உண்டு. தாள் நேராகக் கல்லின் மேல் படிவதால் கல்லில் எல்லாம் இடம் வலமாக மாறி இருக்க வேண்டும். கோட்டைச்சாமி மூலப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளை எடுப்பார். அந்தத் தாளைப் புரட்டிப் போட்டுக் காவிப்பொடியால் கல்லில் பதிப்பார். அம்மனின் வலது கை அவருடைய வலது பக்கத்தில் வரும். தாளில் அச்சாகும்போது சரியாகிவிடும்.

புதிய இயந்திரத்தில் கல் கிடையாது. மெல்லிய துத்தநாகத் தகடு. ஊரில் பிளேட்டு என்றார்கள். தகட்டிலிருந்து மை முதலில் ஒரு ரப்பர் விரிப்பில் படியும், ரப்பரிலிருந்து தாளுக்குப் போகும். இரண்டு முறை மாறுவதால் தகட்டில் படம் நேராகவே இருக்க வேண்டும். பம்பாயிலிருந்து வந்த மெக்கானிக் இதை இரண்டு தடவை சொன்னார். கோட்டைச்சாமி இரண்டு தடவையும் தலையாட்டினார்.

சிவகாசியில் புத்தாண்டு ஆடி மாதத்தில் தொடங்கும். ஆடிப் பதினெட்டன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தைப் பூஜையில் வைத்துத் திறப்பார்கள். விருதுநகரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வியாபாரிகள் வந்து புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். அன்று ஆல்பத்தில் இல்லாத படம் அந்த வருஷம் விற்காது. அச்சக முதலாளி ஜெயச்சந்திரன் புதிய மெஷினில் அச்சிட்ட பெரிய லட்சுமி படத்தை 1962 ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைக்கப்போவதாக எல்லோருக்கும் எழுதிவிட்டிருந்தார். புதியதற்கு இடம் வேண்டுமென்று பெரிய கல் மெஷினைப் பிரித்து விற்றும் விட்டார். லேபிள் அடிக்கிற சின்ன மெஷின் ஒன்று மட்டும் மூலையில் இருந்தது. காலண்டர் தாள் அதில் நுழையாது.

ரப்பர் விரிப்பு வருவதற்குத் தாமதமாயிற்று. அதுவரை சும்மா இருக்க வேண்டாமென்று கோட்டைச்சாமி எட்டுத் தகடுகளையும் வரைந்து முடித்தார். ஒவ்வொரு நாளும் மெஷின்மேன் காளிராஜ் வந்து பார்த்தார். முதலாளி வந்து பார்த்தார். மூவருக்கும் படம் சரியாகவே தெரிந்தது.

ஜூலை 10ஆம் தேதி மாதிரி அச்சு ஓட்டினார்கள். மஞ்சளில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு ஏறியதும் உருவம் வந்தது. காளிராஜ் முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்து, “மை நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார். தாள் எண்ணுகிற மூக்கம்மாள் அந்தப் பக்கம் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நின்றாள்.

“இது என்ன கூத்து? லட்சுமி பீச்சாங்கையாலயா ஆசீர்வாதம் பண்ணுதா?”

மெஷின் இரண்டு தாள்களை இன்னும் தள்ளிவிட்டு நின்றது.

கோட்டைச்சாமி தாளை வாங்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கல்லில் பார்த்த அதே லட்சுமி. அதனால்தான் அவருக்குத் தப்பு தெரியவில்லை. கோடு எடுத்த தாளைக் கை தானாகப் புரட்டிப் போட்டிருந்தது. எட்டுத் தகடும் அந்தக் கோட்டிலிருந்து பிறந்தவை.

“நீரும் தினம் பாத்தீரே” என்றாள் மூக்கம்மாள், காளிராஜிடம்.

“பாத்தேன். கல்லுலயே பாத்துப் பாத்து எங்க கண்ணே திரும்பிக்கிடுச்சு. கல்லைப் பாக்காதவ நீ ஒருத்திதான் இங்கன.”

“நல்லவேளை, என்னை மெஷின்மேனா வைக்கல” என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜெயச்சந்திரன் முப்பத்தைந்து வயதுக்காரர். தகப்பனார் காலத்து ஆட்களிடம் குரலை உயர்த்த மாட்டார். கோட்டைச்சாமியைத் தம் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“உங்களைக் குத்தம் சொல்லல அண்ணாச்சி. நானும்தான் பாத்தேன். ஆனா ஆடிப் பதினெட்டுக்கு இருபத்து மூணு நாள்தான் கெடக்கு. இதை வரைய உங்களுக்கு எம்புட்டு நாளாச்சு?”

“முப்பது.”

“மெட்ராஸ்ல ஒருத்தர் இருக்கார். பிளேட்டுல நேராவே வரைஞ்சு பழகினவர். வரச்சொல்லி லெட்டர் எழுதி வச்சிருக்கேன்.” மேசைமேல் இருந்த உறையைத் தொட்டுக் காட்டினார். “நீங்க பழையபடி லேபிள் பாருங்க. வேலைக்கு ஒண்ணும் குறையில்ல.”

லேபிள் என்றால் மறுபடி மயிலும் கப்பலும், ஒற்றை நிறத்தில், கட்டைவிரல் அளவில். கோட்டைச்சாமி உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் அதை அனுப்பாம வைங்க மொதலாளி.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன வரும்?”

“ஒரு பிளேட்டு. அது நேரா இருந்தா மேல போவோம். இல்லன்னா தபால்ல நானே போட்டுட்டு வாரேன்.”

ஜெயச்சந்திரன் நாட்காட்டியைப் பார்த்தார். திங்கள். வெள்ளிக்கு நான்கு நாள். “சரி” என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கோட்டைச்சாமியின் மனைவி முத்துப்பேச்சி செவ்வாய்தோறும் ஆனைக்குட்டத்து ஆற்றங்கரை அம்மனுக்கு விளக்குப் போடப் போவாள். அன்று அவரும் கூடப் போனார். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை.

“தப்பு வரைஞ்சது தெரியாமலே முப்பது நாள் இருந்திருக்கீக.”

“தெரியல.”

“எப்படித் தெரியும்? கோயிலுக்கு வந்தா கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்கீக. திறக்கும்போது பூசாரி திரையப் போட்டிருக்காரு. கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கேன். நீங்க ஆத்தா மொகத்த ஒரு தடவையாச்சும் பாத்திருக்கீகளா?”

“நாள் முழுக்க அவளைத்தானே பாக்கேன்.”

“அது உங்க கல்லுல இருக்கிறவ.”

கோயில் சிறியது. கருங்கல்லில் அம்மன் உட்கார்ந்திருந்தாள். வலது கை உயர்ந்து அபயம் காட்டியது. இடது கை மடியில் குங்குமக் கிண்ணத்தைப் பிடித்திருந்தது. தீபாராதனை காட்டியபோது முத்துப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். கோட்டைச்சாமி மூடவில்லை.

வாய்ப்பாடு ஒப்பிக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். உயர்ந்த கை அவருடைய இடது பக்கத்தில் இருந்தது. பொட்டு நடுவில் இல்லை, பூசாரியின் கட்டைவிரல் வைத்த சாய்வில் இருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் கல் பளபளத்தது. மற்ற இடத்தில் உழுத கரிசல் மாதிரி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. முகத்தில் ரோஜா நிறம் எங்கும் இல்லை. களத்துமேட்டில் நெல் தூற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பெண்பிள்ளையின் முகம். அவருக்குத் தெரிந்த முகம். அதை இத்தனை வருஷமாக எந்தக் கல்லிலும் அவர் வரைந்ததில்லை. சென்னையிலிருந்து வந்த படங்களில் அது இல்லை.

அங்கேயே கணக்கும் ஓடியது. ரோஜாக் கன்னத்துக்குத்தான் எட்டு நிறம் வேண்டும்; வெளிர் சிவப்பே இரண்டு. இந்த முகத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம், ஒரு காவி, கறுப்பு. ஐந்து போதும். ஐந்தென்றால் நாள் போதும்.

வெளியே வந்தபோது பூசாரி கொடுத்த மஞ்சள் கயிற்றை முத்துப்பேச்சியிடம் நீட்டினார்.

“எனக்கா?”

“என் இடது கையில கட்டு. அவ வலது கை இந்தப் பக்கம் வரணும். கை மறந்தாலும் கயிறு சொல்லும்.”

புதன்கிழமை காலை கோட்டைச்சாமி கோடு எடுக்கும் தாளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அது கையில் இருந்தால் கை புரட்டிவிடும். தகட்டைச் சரிவாக நிறுத்தி, நேரே அதன் மேல் வரையத் தொடங்கினார். மூலப்படம் ஏதும் எதிரில் இல்லை. இந்தத் தொழிலில் அவர் முதல்முறையாக ஒரு படத்தைத் தானே வரைகிறார் என்பது காளிராஜுக்குத்தான் முதலில் உறைத்தது.

“எதைப் பாத்து வரையுதீக?”

“பாத்துட்டு வந்துட்டேன்.”

“கயிறு என்ன, ரெண்டாங் கல்யாணமா?”

“ஆமா. பொண்ணு எதுக்க உக்காந்திருக்கா. கொஞ்சம் தள்ளி நில்லும்.”

இன்னொரு வழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. கறுப்புக் கல்லை அவர் எப்போதும் கடைசியில்தான் வரைவார். அதில்தான் கண்கள் உண்டு. குளித்து, ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து, யாரிடமும் பேசாமல் கடைசியாகச் சாமியின் கண்ணை வரைந்து திறப்பார். கண் இல்லாத உருவத்தின் முன்னால்தான் முப்பது நாள் வேலை நடக்கும். இந்தத் தடவை முதலாளிக்கு வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டியது கறுப்புத் தகடு. கோடும் முகமும் அதில்தான் இருந்தன. மற்ற நான்கும் அதைப் பார்த்து வரைய வேண்டியவை. அப்படியானால் கண் முதலில் திறந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை பகல் முழுவதும் அவர் கண்ணுக்கு இடம் விட்டுவிட்டு மற்றதை வரைந்தார். சாயங்காலம் மூக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“கண்ணு எங்க அண்ணே?”

“நாளைக்கு.”

“கடைசியிலதானே திறப்பீக? இன்னும் நாலு பிளேட்டு கெடக்குல்ல.”

“அவ பாத்துக்கிட்டு இருக்கட்டும். போன தடவை பாக்காம விட்டதுலதான் இம்புட்டும்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு வந்தார். சாப்பிடவில்லை. கிரேயானை ஊசிபோல் சீவி, முதலில் அம்மனின் வலது கண்ணை, அதாவது தன் இடது பக்கத்தில் இருந்ததை, வரைந்தார். பிறகு மற்றது. எட்டரை மணிக்குத் தகடு தயார். காளிராஜ் அதை மெஷினில் ஏற்றிக் கறுப்பில் ஒரு தாள் எடுத்தார். முதலாளியும் சேர்த்து மூன்று பேரும் அதை நேரே பார்க்காமல் மூக்கம்மாளைக் கூப்பிட்டார்கள்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளைப் பார்த்தாள். தன் வலது கையைத் தாளில் இருந்த மாதிரியே தூக்கிப் பார்த்தாள்.

“சரியா இருக்கு” என்றாள். பிறகு, “இவளை எங்கயோ பாத்திருக்கேன்” என்றாள்.

ஜெயச்சந்திரன் உறையை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை. அவருக்கு இன்னொரு கவலை வந்திருந்தது. படம் நேராக இருந்தது, ஆனால் முகம் முழுவதும் புள்ளி அடர்ந்து அம்மன் கறுப்பாக இருந்தாள்.

“கறுப்பு மொகத்தை யாரு அண்ணாச்சி கடையில மாட்டுவாக?”

“எல்லாரும் ஊருல போயி அந்த மொகத்தைத்தான் கும்பிடுறாக மொதலாளி.”

“கும்பிடுறது வேற, மாட்டுறது வேற.”

ஆனால் வேறு படத்துக்கு நாள் இல்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், காவி என்று கோட்டைச்சாமி பன்னிரண்டு நாளில் நான்கு தகடுகளை முடித்தார். வரையும்போதெல்லாம் கறுப்பில் அச்சிட்ட அந்தத் தாள் எதிர்ச்சுவரில் இருந்தது. அம்மனுக்குப் பின்னால் மேகம் கறுத்த வானமும், கீழே பருத்திக்காடும் வந்தன. ஆல்பத்தில் முதல் பக்கத்துக்கு ஜெயச்சந்திரன் பழைய கல் மெஷினில் முன்பே அடித்து வைத்திருந்த வேறு படம் வைத்தார். அம்மன் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

அந்த ஆண்டு வியாபாரிகளிடம் வேறொரு பேச்சு இருந்தது. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றுசேர்கின்றன, உலகம் அத்தோடு முடிந்தது என்று ஜோசியர்கள் சொன்னதாகச் செய்தி பரவிக்கொண்டிருந்தது. நம்பாதவர்களும் ஆர்டரைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

ஆடிப் பதினெட்டன்று காலை பூஜை முடிந்ததும் விருதுநகர் லட்சுமிகாந்தம் முதலில் வந்து உட்கார்ந்தார். எண்ணெய், மிளகாய் வத்தல் வியாபாரி. அவர் வாங்குகிற படத்தைப் பார்த்துத்தான் விருதுநகர் பஜாரில் பாதிக் கடைகள் வாங்கும். கூட ஏழெட்டு வியாபாரிகள் நின்றார்கள்.

“இந்த வருசம் காலண்டர்ல தை மாசம் வரைக்கும் தாள் வச்சாப் போதும்” என்றார் லட்சுமிகாந்தம், ஆல்பத்தைப் புரட்டியபடி. “மாசி, பங்குனித் தாளெல்லாம் இப்பவே குடுத்துருங்க, வத்தல் மடிக்க ஆகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

“தமாசுக்குச் சொல்லுதேன். ஆனா வீட்டுல பொம்பளைகள் ராத்திரி தூங்க மாட்டேங்காக. பதினைஞ்சு வருசமா மூவாயிரம் எடுக்கேன். இந்தத் தடவை ஐந்நூறு போதும்னு நினைக்கேன்.”

லட்சுமிகாந்தம் ரோஜாக் கன்னங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“இது யாரு வரைஞ்சது? மெட்ராஸ் ஆளு இல்லியே.”

கோட்டைச்சாமியைக் கூப்பிட்டார்கள். மை பிடித்த விரல்களோடு வந்து வாசலில் நின்றார். இடது மணிக்கட்டில் கயிறு அழுக்கேறி இருந்தது.

“ஏன் இவ கறுப்பா இருக்கா?”

“எட்டு கலருக்கு நாள் இல்ல ஐயா. அஞ்சு கலருக்குத்தான் இருந்துச்சு.”

வியாபாரிகள் சிரித்தார்கள். ஜெயச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். கோட்டைச்சாமி சிரிப்பு முடியும்வரை நின்றுவிட்டுச் சொன்னார்: “அப்புறம், அவ கறுப்புத்தான். போய்ப் பாத்துட்டு வந்துதான் வரைஞ்சேன்.”

லட்சுமிகாந்தம் படத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அம்மை மாதிரி இருக்கா” என்றார். “பஞ்ச காலத்துல எங்களை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, இதே மாதிரி. ஒண்ணும் பேசமாட்டா. பக்கத்துல போனா பயம் போயிரும்.” விரலால் உயர்ந்த கையைத் தொடாமல் சுட்டினார். “பாருங்க, பயப்படாதேங்கா. இந்த வருசம் கடையில மாட்டுறதுக்கு இதைவிட வேற என்ன வேணும்?”

“எம்புட்டு போடட்டும் ஐயா?” என்றார் ஜெயச்சந்திரன்.

“மூவாயிரம். இல்ல, நாலாயிரம் போடும். வீட்டுக்கு வீடு குடுக்கணும்.” எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பன்னண்டு மாசமும் இருக்கணும். ஒரு தாள் குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிருவேன்.”

அவர் வாசலைத் தாண்டும் முன்பே பின்னால் நின்ற இரண்டு பேர் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள். மதியத்துக்குள் ஜெயச்சந்திரன் ஆல்பத்தைப் பிரித்து அம்மன் படத்தை முதல் பக்கத்தில் வைத்துக் கட்டச் சொன்னார். மூக்கம்மாள்தான் கட்டினாள்.

“நான் சொன்னேன்ல, பாத்திருக்கேன்னு” என்றாள் கோட்டைச்சாமியிடம். “கண்ணாடியில பாத்திருக்கேன். மூக்கு மட்டும் கொஞ்சம் உங்க வீட்டம்மா மூக்கு.”

“அவகிட்டச் சொல்லிராத. பங்கு கேப்பா.”

அன்று சாயங்காலம்வரை அந்தப் படத்துக்கு வந்த ஆர்டர் நாற்பத்தோராயிரம். அதுவரை அந்த அச்சகத்தில் எந்தப் படமும் ஒரு சீசன் முழுவதற்கும் இருபதாயிரத்தைத் தாண்டியதில்லை. முதலாளி இழுப்பறையில் இருந்த உறையை எடுத்து, கோட்டைச்சாமி பார்க்க நான்காகக் கிழித்தார்.

மார்கழிக்குள் எல்லாக் கட்டுகளும் ரயிலேறின. விருதுநகர் பஜாரில் புத்தாண்டு அன்று எண்ணெய்க் கடை, மளிகைக் கடை, ஜவுளிக்கடை என்று போகிற இடமெல்லாம் கறுத்த முகமும் உயர்ந்த வலது கையும் இருந்தன. ஜோசியர்கள் குறித்த பிப்ரவரி மூன்றாம், நான்காம் தேதிகளில் சில வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. கோயில்களில் கூட்டம் இருந்தது. நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆட்கள் பாதிப்பேர்தான் வந்தார்கள். முத்துப்பேச்சி ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் குழம்பு வைத்தாள். கோட்டைச்சாமி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

1962 பிப்ரவரி 5ஆம் தேதி, திங்கட்கிழமை, அச்சகம் எட்டரை மணிக்குத் திறந்தது. கோட்டைச்சாமி 1963ஆம் ஆண்டுப் படத்துக்கு ஐந்து தகடுகள் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். ஜெயச்சந்திரன் கையெழுத்துப் போட்டார்.